ஏழாவது ஃபாரம்

"எழுதினவங்க வாயைத் திறக்கக் கூடாது. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"தலையும் ஆட்டக் கூடாது."

"இருமல் வந்தா?"

"இருமிக்கலாம். அர்த்தத்தோட இருமக் கூடாது."

நூலகர் இதைச் சொல்லிவிட்டு, தெருச் சத்தம் வராமலிருக்க ஜன்னலைச் சாத்தினார். நூலகத்து மாடியில், பழைய பத்திரிகைக் கட்டுகள் அடுக்கிய அறையில், மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிற கூட்டம் அது. எதிர்காலத்தைப் பற்றிய கதைகளை மட்டுமே படிக்கிறவர்கள். மாமியார் மருமகள் சண்டையை உள்ளே விடமாட்டார்கள். மாமியாரை வேற்றுக் கிரகத்தில் குடிவைத்திருந்தால் விடுவார்கள். கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கதையை எழுதியவர் வந்திருந்தால், மற்றவர்கள் பேசி முடிக்கிற வரை அவர் பேசக் கூடாது. முன்பின் தெரியாத ஓர் உலகத்துக்குள் தட்டுத் தடுமாறி நுழைவதுதான் இந்தக் கதைகளின் சுகம், எழுதியவர் வாசலில் நின்று விளக்கைப் போட்டால் அந்தச் சுகம் போய்விடும் என்று பல் டாக்டர் கொண்டுவந்த சட்டம்.

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியவள் எக்ஸ்ரே. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை, அதனால் கூட்டத்தில் அந்தப் பெயர்.

"தினம் எல்லாரையும் மூச்சைப் பிடிச்சுக்கச் சொல்வீங்க," என்றார் டாக்ஸி ஓட்டுகிறவர். "இன்னிக்கு நீங்க பிடிச்சுக்குங்க."

அவளுடைய முதல் நாவல். வருஷக்கணக்காக வேலை முடிந்து வந்து எழுதி, அத்தானுடைய அச்சகத்தில் கொடுத்து, போன வாரம்தான் புத்தகமாகி வந்திருந்தது. அவள் இன்னும் அதைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் முதலில் கண்ணில் படுவது அச்சுப் பிழையாகத்தான் இருக்கும் என்று பயம். கூட்டத்தார் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கிப் படித்துவிட்டு வந்திருந்தார்கள்.

அந்த நாவலை அவள் எழுதியதே ஏழாம் அத்தியாயத்துக்காக. மற்ற அத்தியாயங்கள் எல்லாம் அதற்குப் போகிற வழியும் அதிலிருந்து திரும்புகிற வழியும்தான். வருஷத்துக்கு ஒருமுறை கூட்டத்தார் தங்களுக்குப் பிடித்த ஓர் அத்தியாயத்தைத் தேர்ந்தெடுத்து, கீழே பெரிய ஹாலில் ஊராரைக் கூட்டி வாசிப்பார்கள். தன்னுடைய ஏழாம் அத்தியாயம் அங்கே ஒரு நாள் ஒலிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. யாரிடமும் சொன்னதில்லை.

பல் டாக்டர் ஆரம்பித்தார். "ஆறாம் அத்தியாயம் வரைக்கும் ஒழுங்கான கதை. கப்பல் கட்டறாங்க, ஆள் எடுக்கறாங்க, தங்கச்சி ஏறிடறா, அக்கா தரையிலேயே நின்னுடறா. இதெல்லாம் நாம நிறையப் பாத்தாச்சு."

எக்ஸ்ரேக்குச் சுருக்கென்றது.

"ஆனா ஏழு. ஏழு வேற."

"அதைச் சொல்லுங்க," என்றார் டாக்ஸிக்காரர். "எனக்கு ரெண்டு நாளா அதே நினைப்பு."

அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது.

"ஆறாவது முடியற இடத்தைப் பாருங்க. 'கதவு மூடிக்கொண்டது.' பக்கத்தைத் திருப்பறோம். தலைப்பு கிடையாது, ஒண்ணும் கிடையாது." டாக்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு வாசித்தார். "'பெட்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோவதானால், மாலையில் எல்லாத் தேனீக்களும் உள்ளே திரும்பிய பிறகு வாசலைப் புல்லால் அடைக்கவும். காற்று போகச் சிறிது இடம் விடவும்.'"

யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

எக்ஸ்ரே புல்லைப் பற்றித் தன் வாழ்நாளில் ஒரு வரி எழுதியதில்லை.

"பெட்டின்னா கப்பல்," என்றார் டாக்டர். "உள்ளே போனவங்கதான் தேனீ. வெளியே இருந்து யாரோ அவங்களை வளர்க்கறாங்க. யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லலை பாருங்க, அதான் சாமர்த்தியம்."

"அந்தக் குரல் இருக்கே டாக்டர். கோபம் இல்ல, பாசம் இல்ல. 'மெதுவாகப் புகை விடவும். அவை வயிறு நிறையத் தேனைக் குடித்துவிட்டுச் சாந்தமாக இருக்கும்.' இதைப் படிச்சிட்டு நான் வண்டியை விட்டு இறங்கி வெளியே நின்னுட்டேன்."

"ஏன்?"

"நானும் அப்போதான் வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு சாந்தமா உக்காந்திருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நூலகர் மட்டும் சிரிக்காமல், "பூ இல்லாத காலத்துல சர்க்கரைத் தண்ணி வைக்கச் சொல்ற இடம்," என்றார். "கருணை மாதிரியே இருக்கு. கருணை இல்ல."

"முதல் ரெண்டு பக்கம் எனக்கு ஒண்ணுமே புரியல," என்றார் டாக்ஸிக்காரர். "அப்புறம் சொன்னேன், விடு, புது ஊர்ல முதல் நாள் வண்டி ஓட்டற மாதிரிதான் இது. எந்தத் தெரு எங்கே போகும்னு தெரியாது. ஓட்டிக்கிட்டே இரு. எங்கேயாவது ஒரு திருப்பத்துல ஊரே பிடிபடும். பிடிபட்டுச்சு."

"கடைசியில அந்த ஒரு வரி. அவ்வளவு நேரம் 'செய்யவும், வைக்கவும்'னு வந்துட்டு, திடீர்னு அடுத்த பக்கத்துல, 'பாத்தேன். நீ அதுக்குள்ள உள்ளே போயிட்டே.' யார் யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டார் நூலகர்.

"ராணித் தேனீ சொல்லுது."

"இல்ல, பிரிஞ்சு போன தேனீ."

எக்ஸ்ரே மெல்லக் கையை நீட்டி, மேஜைமேல் கிடந்த ஒரு பிரதியை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தாள். தொண்ணூற்றாறாம் பக்கம் அவளுடையது. தொண்ணூற்றேழிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை தேனீ வளர்ப்பு. நூற்றுப் பதின்மூன்றின் தலையில் அவளுடைய ஏழாம் அத்தியாயத்தின் கடைசி வரி, அநாதையாக. பக்க எண்கள் ஒன்றுகூடப் பிசகாமல் ஓடின. எழுத்தும் ஒன்றுதான், தாளும் ஒன்றுதான்.

ஒரு குடும்பக் கதையில் இப்படி நடந்திருந்தால் வாங்கியவர்கள் மறுநாளே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருப்பார்கள். இவர்கள் புரியாததை நம்பிப் பழகியவர்கள். புரியவில்லையென்றால் இன்னும் உள்ளே போக வேண்டும் என்று நினைக்கிறவர்கள்.

அதைவிட மோசம், அந்த யோசனை நன்றாக இருந்தது. கப்பல் பெட்டியாம், மனிதர்கள் தேனீக்களாம். தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று அவளுக்குப் பொறாமைகூட வந்தது. யார் மேல் பொறாமை என்றுதான் தெரியவில்லை.

"அப்போ இந்த வருஷம் வாசிக்கறதுக்கு இதுதான்," என்றார் டாக்டர். "ஏழாம் அத்தியாயம். கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் மேலே போயின. நூலகர் அவள் பக்கம் திரும்பினார்.

"இப்போ நீங்க பேசலாம். எப்படிங்க தோணுச்சு அது?"

எக்ஸ்ரே புத்தகத்தை மூடினாள்.

"தானா வந்துச்சு," என்றாள்.

அது பொய்யும் இல்லை.

*

அச்சகம் இரண்டு தெரு தள்ளி. முன்பக்கம் அத்தானுடைய கம்ப்யூட்டரும் மிஷினும். பின்பக்கம் அக்காவின் ராஜ்யம். பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி வரும். அதை மடித்தால் ஒரு ஃபாரம். நீள மேஜையைச் சுற்றி ஒன்றாம் ஃபாரம், இரண்டாம் ஃபாரம் என்று கும்பல் கும்பலாக வைத்துவிட்டு, வேலை செய்கிற பெண்கள் வரிசையாகச் சுற்றிவந்து ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்து அடுக்குவார்கள். ஒரு சுற்று முடிந்தால் ஒரு புத்தகம். அக்கா அதைத் தைப்பாள், பசை போடுவாள், அட்டை ஒட்டுவாள்.

"அக்கா, இது என்ன?"

"உன் புத்தகம். ஏண்டி, உனக்கே தெரியலையா?"

"தொண்ணூத்தேழாம் பக்கத்தைப் பாரு."

அக்கா பசைக்கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "தொண்ணூத்தாறுக்கு அப்புறம் தொண்ணூத்தேழு. சரியாத்தானே இருக்கு?"

"நம்பரைப் பாக்காதே. படி."

"படிச்சா கை நின்னு போகும். இருபது வருஷமா இந்த மேஜையில எத்தனையோ புத்தகம் கட்டியிருக்கேன், ஒண்ணையாவது படிச்சேனா?" சொல்லிக்கொண்டே படித்தாள். முகம் மாறியது. "இது அந்தத் தேனீக்காரங்க அச்சடிக்கக் குடுத்த புத்தகம்ல?"

"ஆமா."

"அப்போ உன்னோடது?"

"அதைத்தான் நான் கேக்கறேன்."

அக்கா மேஜையின் கோடியைப் பார்த்தாள். பிறகு அதற்கு நேர் மேலே கூரையைப் பார்த்தாள். "அன்னிக்கு மழையில ஒழுகுச்சு. இந்த மூலையில இருந்த கும்பலையெல்லாம் தூக்கி உள்ளே வெச்சோம். ரெண்டு புத்தகமும் ஒரே வாரம். ரெண்டுலயும் ஏழுன்னு போட்டிருந்துச்சு. திரும்ப வெக்கும்போது மாத்தி வெச்சுட்டோம்."

"மொத்தமுமா?"

"மொத்தமும். கும்பலோட மாறிப்போச்சு." அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "பக்கத்து மேல புத்தகத்தோட பேரைப் போடுங்கன்னு உங்க அத்தான்கிட்ட எத்தனை தடவை சொன்னேன். மை வீண்னுட்டார்."

அத்தான் முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன, என் தலை உருளுது?"

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் மோவாயைத் தடவினார். "யாராவது புகார் சொன்னாங்களா?"

"இல்ல."

"என்ன சொன்னாங்க?"

"அதுதான் நல்ல அத்தியாயம்னாங்க."

"அப்புறம் என்னம்மா? விட்டுரு. சும்மா கிடக்கற சங்கை எதுக்கு ஊதணும்?"

"தேனீக்காரங்க?"

"அவங்களும் ஒண்ணும் சொல்லலையே. யாரும் ஏழாவது ஃபாரம் வரைக்கும் போயிருக்க மாட்டாங்க."

"பிரிச்சு, மாத்தி, திரும்பக் கட்டித் தர்றேன்," என்றாள் அக்கா. "என் கைத் தப்பு. நான் செய்யறேன். ஆனா அதுல அப்படி என்னதான் எழுதியிருந்தே?"

"ஒண்ணும் இல்ல. ரெண்டு பேர் பேசிக்கறாங்க."

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா. நிம்மதியாகத்தான் சொன்னாள். எக்ஸ்ரே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த சில நாட்கள் அவள் வாயைத் திறக்கவில்லை. பல் டாக்டர் ஏழாம் அத்தியாயத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, ஒரு பத்திரிகைக்கு அனுப்பி, பிரதி ஒன்றை அவளுக்கும் கொடுத்திருந்தார். 'மனிதனை வெளியே இருந்து பார்க்கிற துணிச்சல்' என்று அதில் ஒரு வரி. அந்த வரியை அவள் ஆஸ்பத்திரியில் டீ குடிக்கும்போது ஒருமுறை படித்தாள். வீட்டில் இன்னொரு முறை. நாலைந்து முறை படித்த பிறகு, அந்தத் துணிச்சல் தனக்கு இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது. புத்தகத்தைக் கட்டக் கொடுத்தது யார்? அவள்தானே.

அப்படி இருக்கும்போது அக்கா போன் செய்தாள்.

"வேலை முடிஞ்சதும் நேரா இங்கே வா. ஒருத்தர் வந்து உக்காந்திருக்கார். போகமாட்டேங்கறார்."

"யாரு?"

"தேனீக்காரர்."

*

அவர் அக்காவின் ஸ்டூலில், மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். ஒரு கண்ணிமை வீங்கியிருந்தது, கொட்டியிருக்க வேண்டும். அத்தான் அவருக்கு எதிரே, மூன்றாவது டீயை ஆற்றியபடி, எப்போது நஷ்டக் கணக்குச் சொல்வாரோ என்ற முகத்தோடு நின்றார்.

"இவங்கதான் எழுதினவங்க," என்றாள் அக்கா.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "நீங்களா? நான் ஆம்பளையா இருக்கும்னு நினைச்சேன். இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா அப்படி நினைச்சேன்."

"பரவாயில்ல. உக்காருங்க."

"மொட்டை மாடியில பெட்டி வெச்சிருக்கேங்க. போன வாரம் ஒரு பெட்டியில கூட்டம் பிரிஞ்சு வெளியே வந்து, தண்ணித் தொட்டிக் குழாய்ல கொத்தாத் தொங்குது. உடனே பிடிக்கணும், இல்லேன்னா கிளம்பிடும். எப்படிப் பிடிக்கறதுன்னு புத்தகத்துல தொண்ணூத்தெட்டாம் பக்கம்னு முன்னாடி போட்டிருக்கு. திறந்தேன்."

"திறந்தா?"

"'சாப்பிட்டியா?'ன்னு ஒருத்தி கேக்கறா."

அத்தான் டீயைக் கீழே வைத்தார்.

"யாரு யாரைக் கேக்கறான்னு ரெண்டு வரி படிச்சேன். அக்கா தரையில இருக்கா, தங்கச்சி வானத்துல போயிட்டிருக்கா. கேள்வி போய்ச் சேரவே வருஷக்கணக்கு ஆகுமாம். எனக்குச் சிரிப்பு. அவ்வளவு செலவு பண்ணி மிஷின் வெச்சு, அவ்வளவு தூரத்துக்கு அனுப்பற முதல் கேள்வி இதுதானா? சரி, என்ன பதில் வருதுன்னு பாத்துட்டுப் போவோம்னு நின்னேன்."

"தேனீ?"

"தொங்குது. நான் நின்னுட்டேன். இங்கே இவ வீடு மாறிட்டா, அம்மா போயிட்டாங்க, தலை நரைக்குது. அப்போ வருது பதில். 'சாப்பிட்டேன். நீ?' அதுல என்னமோ ஆயிடுச்சுங்க எனக்கு. நிமிர்ந்து பாத்தேன், குழாய் காலி. எல்லாம் பறந்துடுச்சு."

"ஐயோ," என்றார் அத்தான். "பாருங்க, அதுக்கு நாங்க..."

"அதுக்கு நான் வரலைங்க. அது போனா போகட்டும், இன்னொரு கூட்டம் வரும். கடைசியில மூத்தவ கேக்கறா, 'போகும்போது திரும்பிப் பாத்தியா?' 'அதே அளவு காத்திருந்த பிறகு'ன்னு வருது, அதோட தாள் முடிஞ்சுபோச்சு. அடுத்த பக்கம் மெழுகு உருக்கறது எப்படின்னு இருக்கு. எனக்கு மெழுகு வேண்டாம். அவ பாத்தாளா, பாக்கலையா?"

எக்ஸ்ரே அவரைப் பார்த்தாள். கூட்டத்து ஆள் இல்லை. இந்த மாதிரிக் கதை முன்னே பின்னே படித்தவர் மாதிரியும் தெரியவில்லை. கதையின் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல், நடுவில் ஒரு துண்டை நின்றபடி படித்துவிட்டு, பதிலுக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

"பாத்தா," என்றாள்.

"அப்படியா! என்ன சொல்றா?"

"'பாத்தேன். நீ அதுக்குள்ள உள்ளே போயிட்டே.'"

அவர் புத்தகத்தை மூடினார். "ச்சே," என்றார். அவ்வளவுதான்.

அட்டை ஒட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிராமல் கேட்டாள். "அவ எதுக்கு உள்ளே போனா?"

"யாரு?"

"மூத்தவ. தங்கச்சி கண் மறையறதுக்குள்ள எதுக்கு உள்ளே போனா?"

"அடுப்புல ஏதாவது வெச்சிருப்பா."

"எழுதியிருக்கியா, இப்போ சொல்றியா?"

"இப்போ சொல்றேன்."

"அப்போ ஒத்துக்க முடியாது," என்றாள் அக்கா. "அவளுக்கு அழுகை வந்திருக்கும். அழற மூஞ்சியைக் காட்ட வேண்டாம்னு போயிருப்பா."

தேனீக்காரர் அக்கா பக்கம் திரும்பி, "நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியிலேயே எக்ஸ்ரே நூலகத்துக்குள் நுழைந்தாள்.

*

"தேனீ நான் எழுதினது இல்ல," என்றாள்.

நூலகர் திரும்பி வந்த புத்தகங்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் முத்திரையை வைத்துவிட்டு, மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"இல்ல."

"கட்டுரை வேற போயிடுச்சே!" மறுபடி சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அந்தக் கைங்க இறங்கியிருக்கும்."

"இப்போ மட்டும் இறங்காதா?"

"இறங்கட்டும். வாசிச்சா என்னோடதை வாசிங்க. பிடிக்கலைன்னா வாசிக்கவே வேண்டாம். அடுத்தவங்க பெட்டியில நான் உக்காந்திருக்க முடியாது."

நூலகர் யோசித்தார். "ஏழாம் அத்தியாயம்னுதான் கை தூக்கினோம். எந்த ஏழுன்னு யாரும் கேக்கல. அதனால அது செல்லும். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. கட்டின புத்தகத்துல இருந்துதான் வாசிக்கணும். கம்ப்யூட்டர் தாள், கையெழுத்து, எதுவும் கூடாது. அதுவும் டாக்டர் வெச்ச வழக்கம்தான். உங்க அத்தியாயம் எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"தேனீ வளர்ப்புல இருக்கு."

"அப்போ அதைக் கொண்டு வாங்க," என்றார் நூலகர். "அதைப் படிச்ச ஆளையும் கூட்டிட்டு வாங்க."

*

ஹாலில் நாற்காலிகள் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன. பல் டாக்டர் முன்வரிசையில் சலவை மடிப்புக் கலையாத சட்டையில் இருந்தார். அக்காவும் அத்தானும் பின்வரிசையில். அக்கா நூலகக் கட்டிடத்துக்குள் கால் வைத்ததே அன்றைக்குத்தான்.

நூலகர் எழுந்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். ஒழுகின கூரை, மாறின கும்பல், எல்லாம். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஒரே சத்தம்.

"அப்போ அந்தப் புகை?"

"உண்மையான புகை."

"சர்க்கரைத் தண்ணி?"

"சர்க்கரைத் தண்ணிதான்."

டாக்டர் எழுந்து நின்றார். காது சிவந்திருந்தது. "நான் பத்திரிகைக்கு அனுப்பிட்டேனே!"

"பல்லைப் பிடுங்கற மாதிரி திரும்பப் பிடுங்கிடுங்க டாக்டர்," என்றார் டாக்ஸிக்காரர்.

"மரத்துப் போக ஊசி போட்டுட்டுப் பிடுங்குங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

டாக்டர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சிரித்துவிட்டார். "எப்படி இருந்தாலும் நான் எழுதினது தப்பில்ல. அப்படி ஒரு கதை இருந்தா அது நல்ல கதைதான்."

"அதை நீங்களே எழுதுங்க," என்றார் நூலகர். "இப்போ கேளுங்க."

தேனீக்காரர் மேடைக்கு வந்து, அட்டையில் தேன்கூடு படம் போட்ட புத்தகத்தைப் பிரித்தார். மைக்கைத் தள்ளி வைத்தார். மெதுவாக, எதையும் அசக்கிவிடாத குரலில் வாசித்தார். கூட்டைத் திறக்கிறவர்கள் அப்படித்தான் பேசிப் பழகியிருப்பார்கள் போல. 'சாப்பிட்டியா?' என்ற இடத்தில் ஹாலில் சிரிப்பு எழுந்தது. பதில் வருகிற இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. தாள் தீர்ந்ததும், மீதி ஒரு வரியைப் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

கைதட்டல் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் பல் டாக்டர்.

எக்ஸ்ரே நிமிர்ந்தாள். தேனீ அத்தியாயத்தில் அவர் ஒரு சந்தேகமும் கேட்டதில்லை.

"முதல் பதில் வர்றதுக்கு இத்தனை வருஷம் ஆச்சு. ரெண்டாவது பதிலும் 'அதே அளவு காத்திருந்த பிறகு' வருதுன்னு போட்டிருக்கு. எப்படி? கப்பல் போயிட்டே இருக்குல்ல? தூரம் கூடக் கூடப் பதில் வர்றதும் தள்ளிப்போகணுமே. கணக்கு இடிக்குது."

எக்ஸ்ரே மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரிதான். அது தப்புதான். எத்தனை முறை திருத்திப் படித்தும் கண்ணில் படாத தப்பு.

"ஏன், நடுவுல நிக்காதா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காதான். இவ்வளவு பேர் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்காததால் கொஞ்சம் தடுமாறினாள், ஆனால் விடவில்லை. "பஸ் நிக்குது, ரயில் நிக்குது. கப்பல் நிக்காதா?"

"அம்மா, அது பஸ் இல்ல," என்றார் டாக்டர். "வானத்துல அதுபாட்டுக்குப் போயிட்டே இருக்கும். நிறுத்தறதுன்னா சும்மா இல்ல, கிளம்பறதுக்கு ஆன அளவு எரிபொருள் நிறுத்தறதுக்கும் ஆகும். எதுக்காக நிறுத்தணும்?"

"எதுக்கா? அக்கா கேட்டது வந்து சேந்துடுச்சு. இவ சொல்லியிருப்பா, கொஞ்சம் நிறுத்துங்க, நான் பதில் சொல்லிட்டு வந்துடறேன்னு. போயிட்டே சொன்னா இன்னும் தள்ளிப்போகும்ல? அங்கே ஒருத்தி வயசாகிக் காத்துட்டிருக்காளே."

"நடுவழியில நிறுத்தச் சொல்ற சவாரி எனக்கும் வரும்," என்றார் டாக்ஸிக்காரர். "நிறுத்தித்தான் ஆகணும். முகத்தைப் பாத்தாலே தெரியும்."

"சவாரி ஒண்ணா இருந்தா சரி. கப்பல்ல எத்தனை பேர்! ஒருத்திக்காக மொத்தப் பேரும் நிப்பாங்களா?"

"நிக்காது," என்றார் தேனீக்காரர். "கூட்டம் ஒருத்திக்காக நிக்கவே நிக்காது. ராணியா இருந்தா நிக்கும்."

"அப்போ அவதான் ராணி," என்றார் நூலகர்.

"ஆரம்பிச்சுட்டீங்களா மறுபடியும்!"

"ஓட்டெடுப்பு வெச்சிருப்பாங்க."

"ஓட்டுல தோத்திருந்தா?"

"தோத்திருந்தா பதில் லேட்டா வந்திருக்கும். லேட்டா வரலையே. அப்போ ஜெயிச்சுட்டா," என்றாள் அக்கா. அத்தான் அவள் கையைப் பிடித்து இழுத்தார், அவள் உதறினாள். "இருங்க, நான் பேசிட்டிருக்கேன்."

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில் ஏதோ கோடு போட்டுப் பார்த்தார். "சரி, நின்னுச்சுன்னே வெச்சுக்குவோம். வேகத்தைக் குறைக்கவே வருஷங்கள் ஆகும். அந்த வருஷமெல்லாம் மத்தவங்க இவளை என்ன பாடு படுத்தியிருப்பாங்க? ஒரே ஒரு வரி பதில் சொல்லத்தான் இவ்வளவுமான்னு கேக்க மாட்டாங்களா?"

"கேட்டிருப்பாங்க," என்றாள் அக்கா. "இவ என்ன சொன்னாளோ."

"அதை நீங்களே சொல்லுங்க."

"எனக்கெப்படித் தெரியும்? நானா எழுதினேன்? அதோ உக்காந்திருக்கா பாருங்க, அவளைக் கேளுங்க."

மொத்த ஹாலும் எக்ஸ்ரே பக்கம் திரும்பியது. டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். நிறுத்தின கப்பலும், அதற்குள் கோபத்தோடு நிற்கிற கூட்டமும், அவர்கள் நடுவில் ஒருத்தியும் அவளுக்கு அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தார்கள். முகங்கள் இன்னும் சரியாகத் தெரியவில்லை.

"எனக்கும் தெரியலை," என்றாள். "எழுதிப் பாத்துதான் சொல்லணும்."